முதுகுப் பக்கத்து ஜிப்

எங்கள் காயலில் ஜனவரி மாதத்தில் தண்ணீருக்குள் இறங்குகிறவர்கள் மொத்தம் இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. என் கடை ஜன்னல் நேராகக் கரையைப் பார்த்து இருப்பதால், விருப்பம் இருக்கிறதோ இல்லையோ, அவர்களைப் பார்த்துக்கொண்டுதான் நான் சாசேஜ் வறுக்க வேண்டியிருக்கிறது.

என் பெயர் வெர்னர். ரிங்கோபிங் காயலின் மேற்குக் கரையில், வண்டிகள் நிறுத்தும் இடத்தை ஒட்டி, சாசேஜும் காப்பியும் விற்கிறேன். எனக்குக் காற்று பிடிக்காது. மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் வடகடல், இந்தப் பக்கம் காயல், நடுவில் என் கடை. எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் மணல் என் எண்ணெய்ச் சட்டியில்தான் விழும். ஆனால் கோடையில் காற்று வந்தால்தான் ஜெர்மனியிலிருந்தும் கோபன்ஹேகனிலிருந்தும் ஜனம் வண்டி வண்டியாக வந்து இறங்கும். பாய் கட்டிய பலகைமேல் ஏறி நின்று காயலில் குறுக்கும் நெடுக்கும் போய், ஆளுக்குப் பத்து முறை விழுந்து, பசியோடு என்னிடம் வரும். விண்ட்சர்ஃபிங் என்று பெயர். ஆகவே காற்றைத் திட்டிக்கொண்டே காற்றால் பிழைக்கிறேன்.

இலை உதிர்ந்ததும் அவர்களெல்லாம் போய்விடுவார்கள். தண்ணீர் ஈய நிறமாகிவிடும். அதன் பிறகு மிச்சமிருப்பது ரக்னாவும் எஸ்கிலும். முன்னாள் கணவன் மனைவி. இது ரக்னாவைப் பற்றியது. எஸ்கிலும் வருவான், வேறு வழியில்லை.

ரக்னா துறைமுகத்தில் மீன் வெட்டும் கூடத்தில் வேலை செய்கிறாள். பள்ளிக்கூடத்தை முடித்த கோடையிலேயே சேர்ந்துவிட்டாள். அவள் கையில் கத்தி போகிற வேகத்துக்கு, மீனுக்கே தன்னை வெட்டியது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரியும். நாள் முழுக்கக் கை ஐஸில் கிடக்கும். அப்படிப்பட்டவள் விடுமுறை கிடைத்தால் சூடாக எங்காவது உட்கார வேண்டாமா? ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"பகலெல்லாம் கைய ஐஸ்ல வெச்சிருக்க. லீவு நாள்ல உடம்பு மொத்தத்தையும் கொண்டுபோய் அதுலயே முக்குறியே?"

"கைக்கு மட்டும் செஞ்சா மத்ததுக்கெல்லாம் கோவம் வருது வெர்னர்," என்றாள்.

கோடையில் அவள் பலகையைத் தொடக்கூட மாட்டாள். கூட்டம் அவளுக்கு ஆகாது. குளிர்காலத்தில் காயல் முழுக்க அவளுடையது. இங்கே தண்ணீர் இடுப்பளவுதான், மூழ்கிச் சாக முடியாது. ஆனால் விறைத்துச் சாகலாம், அதற்கு ஆழம் தேவையில்லை. தண்ணீரில் அவளைப் பார்த்தால் கூடத்தில் கூன் போட்டு நிற்கும் ரக்னா என்று சொல்ல மாட்டீர்கள். பாயைப் பிடித்து முதுகைப் பின்னால் சாய்த்தாள் என்றால் கோடு கிழித்த மாதிரி அக்கரை வரை போவாள், திரும்பி வருவாள். விழுந்து நான் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது மூக்கு நுனி மட்டும் சிவந்திருக்கும். அன்று முழுக்க நல்ல மனநிலையில் இருப்பாள். அதாவது, கேட்டால் பதில் சொல்வாள்.

எஸ்கில் காற்றாலைகளில் ஏறி ரிப்பேர் செய்கிறவன். இங்கேதான் எங்கள் ஊர் விசேஷம். காற்று ஓர் அளவுக்கு மேல் போனால் காற்றாலையில் ஏறக்கூடாது, அவனுக்கு லீவு. அதே காற்றுக்குப் படகுகள் துறையை விட்டுக் கிளம்பாது, மீன் வராது, அவளுக்கும் லீவு. இப்படி ஒரே காற்று இரண்டு பேரையும் வேலையிலிருந்து துரத்தி என் கடையில் கொண்டுவந்து உட்கார வைத்தது. அப்போது இருவருக்கும் இருபது சொச்சம் வயது. அவளிடம் ஏற்கெனவே ஒரு பலகை இருந்தது. அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு வசந்தம் முழுக்க அவன் விழுந்துகொண்டே இருந்தான். பிறகு கல்யாணம் செய்துகொண்டார்கள். தீரா என்று ஒரு மகள். அம்மாவும் அப்பாவும் பல் கிடுகிடுக்க வீட்டுக்கு வருவதைப் பார்த்தே வளர்ந்தவள், இன்று கோபன்ஹேகனில் நாலாவது மாடியில் இருக்கிறாள். குளியல் தொட்டியைக்கூட எடுத்துவிட்டாளாம்.

அவர்கள் பிரிந்ததில் சுவாரசியமாக ஒன்றுமில்லை. ஊர் ரொம்ப ஏமாந்துபோனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பி குடிக்கும்போது எஸ்கில், "நாம பேசிக்கிறதே இல்லையே ரக்னா" என்றிருக்கிறான். "என்ன பேசணும்?" என்று கேட்டிருக்கிறாள். அவனுக்குப் பதில் தெரியவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் துறைமுகத்துப் பக்கம் வாடகை வீட்டுக்குப் போய்விட்டான். வீடு அவளுக்கு, வேன் அவனுக்கு. பாய்களை மட்டும் நியாயமாகப் பிரிக்கிறோம் என்று பெரியது அவனுக்கு, அடுத்தது அவளுக்கு, அதற்கடுத்தது அவனுக்கு என்று ஒன்று விட்டு ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். காற்றின் பலத்துக்கு ஏற்றபடி பாயின் அளவு மாற வேண்டும். ஆகவே அன்றிலிருந்து எந்தக் காற்றுக்கும் இரண்டு பேரில் ஒருவரிடம்தான் சரியான பாய் இருக்கும். மற்றவர் பொருந்தாத பாயோடு முறைத்துக்கொண்டு போவார்.

பாயைச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது உடுப்பு. குளிர்காலத்துக்கென்று ஒரு முழு உடுப்பு உண்டு. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் கவ்விப் பிடிக்கும், ஒரு சொட்டு நீர் உள்ளே போகாது, உள்ளே கம்பளிச் சட்டை போட்டுக்கொள்ளலாம். அதன் ஜிப் பித்தளை. முதுகில், ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குக் குறுக்கே ஓடும். போட்டுக்கொண்டவருக்குக் கை எட்டாது, இன்னொருவர்தான் இழுத்து மூட வேண்டும், இன்னொருவர்தான் திறக்கவும் வேண்டும். அதைச் செய்தவன் கல்யாணமானவனாகத்தான் இருக்க வேண்டும், அதுவும் புதுசாக.

பிரிந்த பிறகு வந்த முதல் குளிர்காலத்தில் எஸ்கில் ஜிப்பின் நுனியில் கயிறு கட்டி, மறு முனையை என் கடைக் கதவின் கைப்பிடியில் முடிந்து, முன்னால் நடந்தான். கைப்பிடி அவனோடு போய்விட்டது. ரக்னா கொடிக்கம்பத்தில் கட்டிப் பார்த்தாள். பாதி மூடியது. போதும் என்று தண்ணீரில் இறங்கி, மிச்சப் பாதி வழியாகக் காயலை உள்ளே வாங்கிக்கொண்டு, பீப்பாய் மாதிரி உருண்டு கரையேறினாள்.

அடுத்த காற்று நாளில் இருவரும் அவரவர் வண்டிக்குப் பக்கத்தில் முதுகு திறந்த உடுப்போடு நின்றுகொண்டிருந்தார்கள். இருவருக்கும் நடுவில் ஆறேழு வண்டி நிற்கிற இடம் காலியாகக் கிடந்தது. ரக்னாதான் நடந்து போனாள். போய், அவன் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவன் இழுத்து மூடினான். பிறகு அவன் திரும்பி நின்றான். அவள் மூடினாள். ஒரு வார்த்தை இல்லை.

அதுவே வழக்கமாகிவிட்டது. வந்ததும் "மோய்ன்", போகும்போது "மோய்ன்". வரவேற்பதற்கும் விடைபெறுவதற்கும் எங்கள் பக்கம் அந்த ஒரே சொல்தான், சிக்கனம். நடுவில் முதுகுகள். குளிர்காலத்தில் யாரும் தனியாக இறங்கக்கூடாது என்பது இங்கே எல்லாரும் மதிக்கிற விதி, அதனால் ஒருவர் இறங்கினால் மற்றவரும் இறங்குவார், அல்லது கரையில் நின்று பார்ப்பார். ஒருவர் மேல் ஒருவர் கண் வைத்தபடியே, பேசாமல், பதினோரு குளிர்காலம் ஓட்டினார்கள்.

ஒன்றை மட்டும் கவனித்து வந்தேன். எஸ்கில் அவள் ஜிப்பைப் பிடித்தான், இழுத்தான், முடிந்தது. ரக்னா அப்படியல்ல. அவனைத் திருப்பி நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் எடுத்துக்கொள்வாள். அவன் முதுகுக்குப் பின்னால் அவள் கை இடமும் வலமுமாகப் போய்வரும். அவன் பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் முகத்தோடு காயலைப் பார்த்து நிற்பான். அவனுக்குத் தெரியாமல் அவன் முதுகில் விரலால் ஏதோ அசிங்கமாக எழுதிக் காட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். குளிர்காலத்தில் எனக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது.

போன நவம்பரில் எஸ்கில் ஆரஞ்சு நிறத்தில் வந்து இறங்கினான். வேனுக்குள்ளேயே உடுப்பைப் போட்டு மூடிக்கொண்டு இறங்கினான். ஜிப் முன்பக்கம், தோளிலிருந்து இடுப்புக்குச் சாய்வாக ஓடியது. நான் குப்பையைக் கொட்ட வெளியே வந்திருந்தேன். குப்பை அவ்வளவு அவசரமில்லைதான்.

"மோய்ன்," என்றான்.

"மோய்ன்," என்றாள் ரக்னா. அவனை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன அது?"

"புதுசு. ஜிப் முன்னாடி. தனியாவே போட்டுக்கலாம்."

"ஓ."

"இனி உனக்குத் தொல்லை இல்ல."

"ஓ."

"திரும்பு, உன்னோடத மூடி விடறேன்."

"வேண்டாம்," என்றாள்.

அவன் பலகையைத் தூக்கிக்கொண்டு போனான். ரக்னா நேராக என் கடைக்குள் வந்தாள்.

"வெர்னர், கை சுத்தமா இருக்கா?"

"எதுக்கு?"

"கழுவிட்டு வா. சோப்புப் போட்டு."

"அவன்தான் மூடறேன்னானே, காதுல விழுந்துது."

"உனக்கு எல்லாம் விழும்," என்றாள். "அவன் எனக்கு இழுப்பான், நான் அவனுக்கு இழுப்பேன். அப்ப சரி. இப்ப அவனுக்கு நான் வேண்டாம். வேண்டாதவன் வந்து எனக்கு இழுத்துவிட்டா அதுக்குப் பேரு தருமம். எனக்குத் தருமம் வேண்டாம்."

"நான் இழுத்தா?"

"நீ சாசேஜ் விக்கறவன். உன்கிட்ட ஒரு சாசேஜ் வாங்கிடுவேன், கணக்கு சரியாயிடும்."

இப்படியாக நான் அந்தத் தொழிலில் இறங்கினேன். எனக்கு அது கைவரவில்லை. முதல் நாள் அவள் பின்மயிரைச் சேர்த்து இழுத்தேன். இரண்டாம் முறை ஜிப்பில் கடுகுச் சாஸ் ஒட்டிக்கொண்டது. "காயல்ல இருக்கற மீனெல்லாம் என் பின்னாடியே வந்துச்சு" என்று திரும்பி வந்து சொன்னாள். பாராட்டு இல்லை.

மூடுவது பாதி வேலை, திறக்கவும் ஆள் வேண்டும். குளிர்காலத்தில் ஆள் வராவிட்டால் நான் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன், நானும் மனிதன்தான். அப்படி ஒரு நாள் அவள் கரையேறி வந்தபோது நான் இல்லை. உடுப்போடு, சொட்டச் சொட்ட, சூப்பர் மார்க்கெட்டில் போய் வரிசையில் நின்றிருக்கிறாள். கல்லாவில் இருந்த பெண்ணிடம் முதுகைக் காட்டியிருக்கிறாள். வந்ததுக்கு ஒரு பாக்கெட் பாலும் வாங்கிக்கொண்டு போனாள். இன்னொரு நாள் பாதிரியார் அகப்பட்டார். அவர் ஜிப்பைக் கடைசிவரை திறந்துவிட்டு, பழக்க தோஷத்தில் ஆமென் என்றாராம். ஊரில் இது நல்ல பேச்சாகிவிட்டது. "இன்னைக்கு யார் முறை?" என்று மீன் கூடத்திலேயே கேலி செய்தார்கள். ரக்னா மீனை வெட்டிக்கொண்டே, "உன் முறை வரப்போவுது, நகத்த வெட்டி வை" என்பாள்.

ஆனால் ஜனவரி வந்தபோது கேலியெல்லாம் நின்றுவிட்டது. அவள் இறங்குவது குறைந்தது. காற்று நாளில் வருவாள். காரிலேயே உட்கார்ந்திருப்பாள். என் கடை திறந்திருந்தாலும் வரமாட்டாள். எஸ்கில் தன் ஆரஞ்சு உடுப்பில் தனியாகத் தண்ணீரில் போய்வந்துகொண்டிருப்பான், அவள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். யாரும் தனியாக இறங்கக்கூடாது என்பதுதானே விதி. அவன் பத்திரமாகக் கரையேறியதும் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவாள். அவளுக்கு இருந்தது இந்தக் குளிர்காலம் ஒன்றுதான். அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் காப்பி எடுத்துக்கொண்டு போய்க் கார் ஜன்னலைத் தட்டினேன்.

"வா, கை கழுவிட்டேன்."

"இருக்கட்டும் வெர்னர். ஊர் பூரா முதுகக் காட்டியாச்சு. போதும்."

அன்றைக்கு எஸ்கில் கரையேறிச் சாப்பிட வந்தபோது அவனுக்கு வைத்த சாசேஜில் வறுத்த வெங்காயத்தைப் போடவில்லை. அவன் கவனித்தான்.

"வெங்காயம்?"

"உனக்கெதுக்கு வெங்காயம். உனக்குத்தான் எல்லாம் முன்னாடியே இருக்கே."

அவன் கடித்து மென்று விழுங்கினான். பிறகு சொன்னான். "என்மேல கோவமா இருக்க."

"ஊரே கோவமாத்தான் இருக்கு. எதுக்குடா வாங்கின அந்த எழவ? அவ இறங்கறதே நின்னு போச்சு."

"அவளுக்காகத்தான் வாங்கினேன்."

"நல்லாருக்கே."

"நீ பாத்திருக்க இல்ல? பதினோரு வருஷம். நான் அவளுக்கு மூணு நொடில மூடிடுவேன். அவ என்னத் திருப்பி நிக்க வெச்சு, இழுக்கவே மாட்டா. பின்னாடி ஏதோ முணுமுணுப்பா, பல்லக் கடிப்பா. என்னத் தொடவே அவளுக்குப் புடிக்கல வெர்னர். ஒவ்வொரு தடவையும் மனசத் தேத்திக்கிட்டுத்தான் இழுக்கறா. எத்தன வருஷத்துக்கு ஒரு மனுஷிய அப்படிப் படுத்தறது? விட்டுடலாம்னு பாத்தேன்."

"அவள இதக் கேட்டியா?"

"நாங்க பேசிக்கறதில்லையே," என்றான், எனக்குத் தெரியாத சேதியைச் சொல்வதுபோல.

வெங்காயம் போட்டுக் கொடுத்தேன்.

பிப்ரவரியில் கிழக்குக் காற்று வந்தது. மேற்குக் காற்று மழையும் மணலுமாக வந்து கத்திவிட்டுப் போகும், கிழக்குக் காற்று அப்படியல்ல, சத்தமில்லாமல் எலும்புக்குள் போய் உட்காரும். கரையோரம் கண்ணாடித் தூள் மாதிரி ஐஸ் ஒதுங்கியிருந்தது. படகுகள் கட்டிக் கிடந்தன, காற்றாலைகளில் ஒருத்தனும் ஏறவில்லை. எஸ்கில் வந்து என் கடையில் மூன்று கோப்பை காப்பி குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினான். ரக்னா காரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அன்றைய காற்றுக்குச் சரியான பாய் அவளிடம் இருந்தது, அதுதான் அவளைக் கிளப்பியிருக்க வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைக்குள் வந்தாள், திரும்பி நின்றாள், நான் இழுத்தேன். மயிர் மாட்டவில்லை. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

எஸ்கில்தான் முதலில் கரையேறினான். பலகையை அப்படியே போட்டுவிட்டுக் கடையைப் பார்த்து வந்தான். நடையில் ஏதோ சரியில்லை. முழங்கால்களைச் சேர்த்து வைத்து நடந்தான்.

"வெர்னர், ஜிப்பு திறக்க மாட்டேங்குது."

"முன்னாடிதானே இருக்கு. இழு."

"இழுத்தேன். நகரல. நீ இழு. சீக்கிரம்."

"என்ன அவசரம்?"

"மூணு காப்பி குடிச்சேன்," என்றான்.

நிலைமை புரிந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். ஜிப்பின் பல் இடுக்குகளில் உப்பும் ஐஸும் வெள்ளையாக இறுகியிருந்தன. துணி போட்டுப் பிடித்து இழுத்தேன், இடுக்கி போட்டு இழுத்தேன். அவன்தான் என்னோடு நகர்ந்தானே தவிர ஜிப் நகரவில்லை. கத்தரிக்கோலை எடுத்தேன்.

"வெட்டாத."

"அப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"தெரியல. ஆனா வெட்டாத." ஒற்றைக் காலில் நின்றான். பிறகு மற்றக் காலில் நின்றான். நெற்றியில் அந்தக் குளிரிலும் வேர்வை.

அப்போது ரக்னா கதவைத் திறந்துகொண்டு வந்தாள், தன் ஜிப்பைத் திறந்துவிட ஆள் தேடி. மூக்கு நுனி சிவந்திருந்தது. என் கையில் கத்தரிக்கோல், எஸ்கில் ஒற்றைக் காலில். இரண்டையும் பார்த்தாள்.

"என்ன?"

"ஜிப்பு மாட்டிக்கிச்சு," என்றேன். "அவனுக்கு ஒண்ணுக்கு."

அவள் கிட்டே வந்து குனிந்து, விரலால் ஜிப்பின் மேல் ஒரு தடவு தடவிப் பார்த்தாள்.

"கடைசியா எப்ப மெழுகு போட்ட?"

"எதுக்கு மெழுகு?" என்றான் எஸ்கில்.

ரக்னா நிமிர்ந்தாள். அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. சிரிப்பு என்றும் சொல்ல முடியாது.

"பித்தள ஜிப்பு. உப்புத் தண்ணி. ஐஸு. ஒவ்வொரு தடவையும் மெழுகு போடணும். பதினோரு வருஷமா உன்னோடது தானா வழுக்கிட்டுப் போச்சுன்னு நெனச்சியா?"

அவள் காருக்குப் போய் ஒரு ஃப்ளாஸ்க்கும், உடுப்புப் பையின் அடியிலிருந்து ஒரு மெழுகுவர்த்தித் துண்டும் கொண்டுவந்தாள். டிசம்பர் மாதத்தில், கிறிஸ்துமஸ் வரை, மேலே அச்சிட்ட எண்கள் நாளுக்கு ஒன்றாகக் கரைகிற மாதிரி எங்கள் வீடுகளில் ஏற்றி வைக்கிற மெழுகுவர்த்தி அது. யாருமே அதைக் கடைசி எண்வரை எரித்து முடிப்பதில்லை. அவள் கையில் இருந்த துண்டில் இருபத்து மூன்றும் இருபத்து நான்கும் மிச்சமிருந்தன. ஒரு பக்கம் முழுக்க ஜிப்பின் பல் பட்டுத் தேய்ந்து பள்ளமாக இருந்தது. அசிங்கமாக எழுதிக் காட்டுகிறாள் என்று நான் ரசித்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

ஃப்ளாஸ்க்கிலிருந்த வெந்நீரை ஜிப்பின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.

"தண்ணி ஊத்தாத ரக்னா, சத்தம் கேட்டா இன்னும் வருது," என்றான்.

"அடக்கு."

ஐஸ் கரைந்ததும் மெழுகைப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். இடமும் வலமுமாக, பல் பல்லாக. தோளிலிருந்து நெஞ்சு வழியாக இடுப்பு வரை. முதுகென்றால் அவன் காயலைப் பார்த்து நின்றிருப்பான். இப்போது பார்ப்பதற்கு அவள் தலைதான் இருந்தது. சுவரில் இருந்த என் விலைப்பட்டியலைப் பார்த்தான். அதில் நான்கு வரிதான், படித்து முடித்துவிட்டான். பிறகு குனிந்து அவளைப் பார்த்தான்.

"இதத்தான் பண்ணிட்டிருந்தியா? பின்னாடி?"

"வேற என்ன பண்றேன்னு நெனச்ச?"

"என்னத் திட்டறேன்னு நெனச்சேன்."

"அதுவும்தான்," என்றாள் தேய்த்துக்கொண்டே. "ரெண்டு வேலையும் ஒண்ணாப் பண்ணலாம்."

"சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு? மெழுகு போடறேன்னா? போடறப்ப தெரியாதா ஒரு மனுஷனுக்கு?"

"முதுகுல கண் இல்ல ரக்னா."

அவள் ஜிப்பின் நுனியைப் பிடித்து இழுத்தாள். வெண்ணெயில் கத்தி போவதுபோல் போனது. எஸ்கில் உடுப்பைத் தோளிலிருந்து உரித்துக்கொண்டே வெளியே ஓடினான். வெளிக் கழிப்பறையைக் குளிர்காலம் முழுக்கப் பூட்டி வைத்திருப்பார்கள், சாவி என்னிடம்தான் இருக்கிறது. அது அவனுக்கு நினைவு வந்து பாதி வழியில் திரும்பி ஓடி வந்தான். சாவியைக் கையில் கொடுத்தேன். இந்த நேரம் முழுக்க ரக்னா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று ஃப்ளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், பிறகு கண்ணையும் துடைத்துக்கொண்டாள். இரண்டு வேலையும் ஒன்றாகப் பண்ணலாம் போலிருக்கிறது.

எஸ்கில் திரும்பி வந்தபோது நான் அவள் ஜிப்பைத் திறக்கக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"தள்ளு வெர்னர்," என்றான்.

நான் ரக்னாவைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் அவளுக்குப் பின்னால் போய் நின்றான். உடனே இழுக்கவில்லை. மெழுகுத் துண்டைக் கேட்டு வாங்கினான். திறக்கப்போகிற ஜிப்புக்கு மெழுகு வேண்டாம் என்று எனக்கே தெரியும், அதுவும் அவள் தன்னுடையதுக்கு வீட்டிலேயே போட்டுவிட்டு வருகிறவள், அது வழுக்கிக்கொண்டுதான் இருந்தது. அவன் மெனக்கெட்டு, ஒரு பல் விடாமல் தேய்த்தான். நேரமாக்கினான். ரக்னா காயலைப் பார்த்து நின்றாள். சாசேஜ் கருகியது, நான் கவனிக்கவில்லை. கடைசியில்தான் அவன் ஜிப்பை இழுத்துத் திறந்துவிட்டான்.

"மோய்ன்," என்று சொல்லிவிட்டுப் போனாள் அவள். "மோய்ன்," என்றான் அவன்.

அடுத்த காற்றுக்கு ஒரு வாரம் ஆனது. மேற்கிலிருந்து வந்தது, என் கதவைத் திறந்து திறந்து அடித்தது. ரக்னா முதலில் வந்து உடுப்பை மாட்டிக்கொண்டு, முதுகு திறந்தபடி காருக்குப் பக்கத்தில் நின்றாள். கடையைப் பார்க்கவில்லை. நான் கையைக் கழுவாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எஸ்கிலின் வேன் வந்தது. பழைய உடுப்பைப் போட்டு வருவான் என்று எதிர்பார்த்தேன். அதே ஆரஞ்சுதான். ஆனால் வேனிலிருந்து இறங்கியபோது ஜிப் தோளிலிருந்து இடுப்பு வரை திறந்து தொங்கியது. அவன் கையில் நல்ல பலம் இருக்கிறது, தானே மூடிக்கொள்ளலாம். மூடாமல் நடந்து வந்தான். காலி இடத்தையெல்லாம் கடந்து வந்து அவள் முன்னால், முகத்துக்கு நேராக, நின்றான்.

நான் குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். கூடை காலியாக இருந்தது.

ரக்னா மெழுகுத் துண்டை எடுத்தாள். அவன் இடுப்பிலிருந்து ஆரம்பித்துத் தேய்த்துக்கொண்டே மேலே வந்தாள். தோளுக்கு வந்ததும் கை நின்றது. அவன் முகத்தையே பார்த்தாள்.

"உனக்கு வயசாயிடுச்சு எஸ்கில்," என்றாள்.

"எப்போலருந்து?"

"தெரியல. பின்னாடியிருந்து பாத்தா தெரியவே இல்ல."

"உனக்கும்தான்," என்றான்.

அவள் ஜிப்பைத் தோள் வரை இழுத்து மூடினாள். பிறகு திரும்பி, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.